வாயுவாகத்தான் இருக்கும்

வாயுவாகத்தான் இருக்கும். நினைத்த மாத்திரத்தில் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போகிறது, ஏனென்றால் அன்றைக்கு அம்மா சொன்னதும் இதே வார்த்தைதான், இதே கூடத்தில்தான், இதே பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து முதுகை நீவிக்கொண்டேதான். அம்மா இப்போது மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறாள். ஈரத் துணியை உதறுகிற சத்தம் படிக்கட்டு வழியாக இறங்கி வருகிறது, பட், பட் என்று, ஒவ்வொரு உதறலுக்கும் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பதில் சொல்கிறது, இல்லை, பதிலெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை, நானாகக் கேட்டுக்கொள்கிறேன். நடு நெஞ்சில் ஒரு முட்டல், அவ்வளவுதான். வலி என்று சொல்ல முடியாது. உள்ளேயிருந்து யாரோ கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிற மாதிரி, அழுத்திவிட்டு, சரி, இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று யோசிக்கிற மாதிரி. பொன்னி பாயில் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கொசுவலைக் குடைக்குள் அவளுடைய வயிறு ஏறி இறங்குகிறது, பொறந்து நாலு மாசம்தான் ஆகிறது, அவளுக்கு மூச்சு விடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அம்மாவைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் குழந்தை எழுந்துகொள்ளும். எழுந்துகொண்டால் அழும், அழுதால் தூக்க வேண்டும், என்னால் தூக்க முடியாது, அம்மா வந்து தூக்குவாள், அப்போது என்னை யார் பார்ப்பார்கள். இப்படித்தான் போகிறது என் புத்தி, ஈ மாதிரி, ஒரே கண்ணாடியில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு.

மதியம் மொச்சைக் குழம்பு. கீழ்வீட்டு பர்வீன் அக்கா கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள், தை மாசத்துப் பச்சை மொச்சை, கத்தரிக்காய் போட்டு, மேலே எண்ணெய் மினுங்கிக்கொண்டு. "பத்தியம் பத்தியம்னு புள்ளைய சாம்பல் ஆக்கி வெச்சிருக்கீங்க, ஒரு கரண்டி ஊத்துங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று படியில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எத்தனையோ நாள் கழித்து நாக்கில் ஒரு ருசி, இன்னும் கொஞ்சம் என்றேன், அம்மா கரண்டியைப் பாதியில் நிறுத்தியதைப் பார்த்தும் இன்னும் கொஞ்சம் என்றேன். ஆகவே இது மொச்சை. மொச்சை சாப்பிட்டால் யாருக்கும் முட்டும். பர்வீன் அக்காவுக்கும் இந்நேரம் முட்டிக்கொண்டுதான் இருக்கும், அவள் டிவி முன்னால் உட்கார்ந்து ஏவ் என்று ஒரு ஏப்பம் விட்டுவிட்டு சீரியலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முட்டினால் அது மொச்சை. எனக்கு முட்டினால் அது என்ன என்று யாராவது எழுதித்தான் தர வேண்டும். உடம்பு என்னிடம் ஒரு தடவை பொய் சொல்லிவிட்டது, இல்லை, உடம்பு பொய் சொல்லவில்லை, அது பாவம் உண்மையைத்தான் கத்திக்கொண்டிருந்தது, நாங்கள்தான் ஓமத் தண்ணீர் ஊற்றி அதன் வாயை அடைத்தோம்.

ஹார்ட் அட்டாக். இந்த வார்த்தை எனக்குரியது இல்லை. இது பனியன் போட்ட பெரியப்பாக்களுடையது, தினமும் சிகரெட் வாங்கிவரச் சொல்லும் எதிர்வீட்டு மாமாக்களுடையது, கல்யாண மண்டபத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சரிகிறவர்களுடையது. எனக்கு முப்பத்தொன்று. நான் சாயங்காலம் டீயில்கூடச் சர்க்கரை குறைத்துக் குடிக்கிறவள். மூணு மாசத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், என் வயதுதான் இருக்கும், காகிதத்தில் பேனாவால் ஒரு குழாய் வரைந்து காட்டினாள். கொழுப்பு அடைப்பு இல்லையாம். ரத்தக் குழாயின் உள்சுவர் தானாகவே கிழிந்திருக்கிறதாம். பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு அபூர்வமாக இப்படி நடக்குமாம். ஏன் என்றேன். தெரியாதும்மா என்றாள். அவ்வளவு படித்தவள் அவ்வளவு சுலபமாகத் தெரியாது என்று சொன்னது, அந்த வரைபடத்தைவிட என்னை ரொம்பப் பயமுறுத்தியது. தன்னாலேயே ஆறிவிடும் என்றும் சொன்னாள். தன்னாலே கிழிந்தது, தன்னாலே ஆறும். நடுவில் நான் யார்? சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவளா?

அன்றைக்கு முப்பது கழிந்த மறுநாள். பிள்ளை பெற்று முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. மறுநாள் காலையிலும் அத்தை சித்தி எல்லாரும் இருந்தார்கள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இடது மார்புக்குப் பின்னால் ஏதோ பிசைந்தது. "பால் கட்டியிருக்கும்" என்றாள் அத்தை. "பால் கட்டினா மேல வலிக்கும், இது உள்ள வலிக்குதுன்றாளே, நேத்து லட்டு தின்னியாடி?" என்றாள் சித்தி. தின்றிருந்தேன். தின்றிருந்தேன் என்றதும் எல்லாருக்கும் நிம்மதியாகப் போயிற்று, எனக்கும்தான். "வாயுவாத்தான் இருக்கும், பச்சை உடம்பு இல்ல, ஒண்ணும் ஆகாது" என்று அம்மா ஓமத்தை வறுத்துக் கொதிக்க வைத்து, அப்பா பேர் வெட்டின எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். குடித்தேன். முதுகை நீவிவிட்டாள். தாடை வலித்தது, பல் என்று நினைத்தேன். வியர்த்தது, வெந்நீரில் குளித்ததால் என்றார்கள். இன்னொரு டம்ளர். நான் ஏன் கத்தவில்லை? கான்வென்டில் வளர்ந்தவள். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் வயிற்றுவலியால் மேஜையில் தலை சாய்த்திருந்தபோது சிஸ்டர் பெர்னதெத் வந்து நின்றார், ஹவ் ஆர் யூ, சைல்ட், என்றார், ஐயம் ஃபைன், தேங்க் யூ, சிஸ்டர் என்று எழுந்து நின்று சொன்னேன், குட் கேர்ள் என்று தட்டிக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் கை தூக்க வேண்டும், தண்ணீர் குடிக்க, வெளியே போக, சந்தேகம் கேட்க. அன்றைக்கும் எனக்குள் ஒரு கை பாதி தூக்கியபடி நின்றுகொண்டே இருந்தது, யாராவது யெஸ், சங்கமித்ரா என்று கூப்பிடட்டும் என்று. வாந்தி எடுத்துச் சுவரோடு சரிந்த பிறகுதான் ஆட்டோ. ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அம்மாவின் கையைப் பார்த்தேன். அந்த டம்ளரை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் வழி நெடுக என்னையும் பிடித்து டம்ளரையும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதில் அடியில் கொஞ்சம் ஓமத் தண்ணீர் மிச்சமும் இருந்தது.

பட். பட். புடவையாக இருக்க வேண்டும், பெரிய உதறல். அதற்கப்புறம் பொன்னியின் துணிகள், அவை சத்தமே போடாது. முட்டல் நகரவில்லை. நகர்ந்தால் வாயு, நகராவிட்டால்? எங்கே படித்தேன் அதை, எங்கேயும் படித்திருக்க மாட்டேன், நானே உண்டாக்கிய விதி. ஆஸ்பத்திரியில் சொன்ன விதி வேறு. நெஞ்சில் எது வந்தாலும் உட்கார், நாக்குக்கு அடியில் மாத்திரை, உடனே போன். மாத்திரை இருக்கிற சின்ன டப்பாவை நைட்டியின் கழுத்தில் ஊக்கு போட்டு அம்மா மாட்டி வைத்திருக்கிறாள். ஹாஸ்டல் பிள்ளைகள் மாதா பதக்கத்தை இப்படித்தான் உள்சட்டையில் குத்தி வைத்திருப்பார்கள். கையால் தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. எடுக்கவில்லை. எடுத்து வாயில் வைத்துவிட்டால் அது உண்மையாகிவிடும், வைக்காமல் இருக்கிற வரைக்கும் இது மொச்சைக் குழம்பு. இதுதான் அன்றைக்கும் நடந்தது, இல்லையா, அன்றைக்கும் வாயு என்று இருக்கிற வரைக்கும் வாயுவாகத்தான் இருந்தது. தாடையைத் தடவிப் பார்க்கிறேன். தாடை சும்மா இருக்கிறது. வியர்க்கிறதா? உள்ளங்கை ஈரம். பயந்தாலும் ஈரமாகும். பயம் அந்த வியாதியின் எல்லா வேடத்தையும் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது, எது அசல் எது வேடம் என்று எனக்கு எப்படித் தெரியும்.

எங்கள் வகுப்பறையில் கரும்பலகைக்கு மேலே திரு இருதயப் படம் இருக்கும். இயேசு தன் அங்கியை விலக்கி நெஞ்சைக் காட்டுவார், அங்கே இருதயம் வெளியே தெரியும், அதைச் சுற்றி முள், மேலே தீ. வீட்டில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து அங்கே அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன், வருஷக்கணக்கில், ஒரு தடவைகூட இவருக்கு வலிக்காதா என்று தோன்றியதில்லை. ஐசியுவில் கண் திறந்தபோது அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. ஒயர்கள், திரையில் பச்சைக் கோடு, என் இருதயம் எனக்கு வெளியே, எல்லாரும் பார்க்கிற மாதிரி. பிறகு பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ ஒரு கிழவர் இருமினார், எனக்குப் பால் சுரந்தது. இருமல் சத்தத்துக்கு. என் உடம்புக்கு எது குழந்தை எது கிழவர் என்றே தெரியாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரி அங்கி நனைந்து, நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டைகள் நனைந்து கழன்று, பச்சைக் கோடு தாறுமாறாக ஓடி, ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, பால் என்றாள் நர்ஸ். உள்ளே கிழிந்துகொண்டிருக்கும்போது வெளியே பால் வடிகிறது, இரண்டும் ஒரே நெஞ்சில், ஒன்றுக்கொன்று தெரியாமல். மருந்துகள் காரணமாகப் பாலை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திவிட்டேன், என்னைக் கேட்டு எதுவும் நிற்பதில்லை, நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபோது பொன்னி புட்டிக்குப் பழகியிருந்தாள். அம்மா தோளில் கிடந்தபடி என்னைப் பார்த்தாள், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி.

கனம் தூக்கக் கூடாது என்றார்கள் முதலில். அது சரியாக இருந்தது, எனக்கு வசதியாகக்கூட இருந்தது. பிறகு தூக்கலாம் என்றுவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். ஓசூரிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் வீடியோவில், "டாக்டரே சொல்லிட்டாங்க மித்ரா, தூக்கு, நான் பாக்கறேன், ஒண்ணும் ஆகாது." பர்வீன் அக்கா, "பெத்தவ தூக்காம யாரு தூக்குவா, ஒண்ணும் ஆகாது." ஆஸ்பத்திரி உடற்பயிற்சி அறையில் என்னோடு நடக்கிற ஆண்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டினவர்கள், அவர்களுக்கு நான் ஜூனியர். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டையரான ஆரோக்கியதாஸ் அண்ணன்தான் தலைவர். அண்ணன் என்று கூப்பிட வேண்டும், அங்கிள் என்றால் கோபம் வரும். "எனக்கு மூணு குழாய் மாத்தியிருக்கு, அந்தா அவருக்கு ரெண்டு ஸ்பிரிங்கு வெச்சிருக்கு, உனக்கு ஒண்ணே ஒண்ணு கிழிஞ்சிருக்கு, அதுவும் செலவில்லாம தன்னால ஒட்டிக்குமாம். பணக்காரிம்மா நீ" என்பார். நான் முதல்முதலாக நிற்காமல் மாடிப்படி ஏறியபோது அத்தனை பேரும் கைதட்டினார்கள், கைதட்டியதில் ஒருவருக்கு மூச்சு வாங்கி அவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அங்கே எனக்காக ஒரு அரிசிப் பை தைத்து வைத்திருக்கிறார்கள், பொன்னியின் எடைக்குச் சரியாக. குனிந்து, மூச்சை அடக்காமல், இடுப்பை ஒடிக்காமல் தூக்கி, தோளில் சாய்த்து, அறையைச் சுற்றி நடக்க வேண்டும். நடப்பேன். "தட்டும்மா, தட்டு, ஏப்பம் வரட்டும்" என்று ஆரோக்கியதாஸ் அண்ணன் கத்துவார். "பொன்னிக்கு இன்னிக்குப் புழுங்கலா பச்சையா?" என்பார் இன்னொருவர். அரிசிப் பையை நான் அழகாகத் தூக்குகிறேன். பாடக்கூடச் செய்வேன். பயமே இல்லை. ஏனென்றால் நான் விழுந்தால் அரிசி கொட்டும், அவ்வளவுதான், கூட்டி அள்ளிவிடலாம். ஒரு நாள் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தபோது மெல்லச் சொன்னார், "எனக்கு இன்னும் தனியா குளிக்கப் பயம்மா. உள்ள போயி தாப்பா போட்டா நெஞ்சு அடிச்சுக்குது. தொறந்து வெச்சுக்கிட்டுத்தான் குளிக்கிறேன், அவ வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிக்கிறா." அவர் ஒருத்தர்தான் ஒண்ணும் ஆகாது என்று என்னிடம் சொல்லாதவர். இல்லை, இன்னொருவரும் இருக்கிறார்.

அம்மா. அம்மா சொல்வதில்லை. அன்றைக்கு அப்புறம் அந்த வார்த்தை அம்மாவிடமிருந்து வரவே இல்லை, பொன்னிக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தபோதுகூட, பால்காரர் வண்டியிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்து நின்றபோதுகூட. எல்லாரும் தூக்கு தூக்கு என்கிறபோது அம்மா மட்டும் குழந்தையை என் கைக்கு எட்டாத மாதிரி இன்னும் கொஞ்சம் தள்ளிப் படுக்க வைக்கிறாள். பொன்னி சிணுங்கினால் போதும், எந்த வேலையில் இருந்தாலும், மாவு ஒட்டின கையோடு, ஓடி வந்து அள்ளிக்கொள்வாள். மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றியிருக்கிறாள், கேட்டால் கரண்டி பட்டது என்கிறாள். நான் தூக்கக் கூடாது என்று அம்மா சொன்னதில்லை. நான் தூக்கும்படியான நேரத்தை எனக்கு அவள் விட்டுவைத்ததே இல்லை. எனக்கும் அது சௌகரியம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம், அதன்படி அவள் வாயே திறப்பதில்லை, நான் கை நீட்டுவதில்லை. சமையலறை அலமாரியில் ஓமம் இருந்த பாட்டிலைக் காணோம். அப்பா பேர் வெட்டின டம்ளரைக் காணோம். நான் கேட்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல வேண்டும் என்று சில சமயம் நாக்கு வரைக்கும் வரும், உன்னால்தான், நீ நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாயே, உன்னால்தான், ஆனால் அந்த நீவல் எனக்கு இதமாக இருந்தது என்பதை என்ன செய்வது? அந்தக் கை முதுகில் இருந்தவரைக்கும் நான் சாக மாட்டேன் என்று நம்பினேன். நான் குடித்தது ஓமத் தண்ணீரையா, அந்த நம்பிக்கையையா. இப்போது யார் சொன்னாலும், டாக்டர் சொன்னாலும், அவர் சொன்னாலும், ஒண்ணும் ஆகாது என்கிற சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு ஓம வாசனை அடிக்கிறது. ஊக்கம் கொடுக்கிறார்கள் பாவம். அவர்களுக்குத் தெரியாது, அதே வார்த்தையால்தான் நான் ஒரு தடவை செத்துப் பிழைத்தேன் என்று.

அழுத்தம் கூடியிருக்கிறது. கூடியிருக்கிறதா? கட்டை விரல் இப்போது முஷ்டியாகியிருக்கிறது. மாடியில் சத்தம் நின்றுவிட்டது, கிளிப் மாட்டுகிறாளோ, கொடிக் கம்பியில் கை வைத்துக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ, சில நாள் அப்படி நிற்பாள். எழுந்து போகலாம். எழுந்தால் விழுந்துவிடுவேனோ. விழுந்தால் பாய் பக்கம் விழக்கூடாது, இந்தப் பக்கம், டிவி மேஜை பக்கம் விழ வேண்டும். நான் இப்போது விழுவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொன்னி தூக்கத்தில் உதட்டைக் குவித்து எதையோ உறிஞ்சுகிறாள், எதை, எந்த ஞாபகத்தை. இவளுக்கு என் முகம் நிற்குமா? நாலு மாசத்துக் குழந்தைக்கு எதுவும் நிற்காது. போட்டோவில் காட்டுவார்கள், இதுதான் உன் அம்மா, ரொம்ப அமைதியான பொண்ணு, கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. குட் கேர்ள். அந்தப் போட்டோவில் இவள் யார் கையில் இருப்பாள், என் கையில் இருக்க மாட்டாள், என் கையில் இருக்கிற போட்டோ எல்லாமே அந்த முப்பது நாளுக்குள் எடுத்தது. இது என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. செத்துப்போவதைவிட, இப்படிப் போட்டோ இல்லாமல் செத்துப்போவது. யெஸ், சங்கமித்ரா? யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள். "அம்மா" என்றேன். குரல் வரவில்லை. "அம்மா!" என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். என் வாயிலிருந்து இவ்வளவு பெரிய சத்தம் வந்ததில்லை, பொன்னியின் இமை துடித்தது, எழவில்லை.

படிக்கட்டில் தடதடவென்று வந்தாள், காலி வாளியோடு. நெஞ்சில் இருந்த என் கையைப் பார்த்தாள். வாளி கீழே விழுந்து உருண்டது. நான் காத்திருந்தேன், அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று. வரவில்லை. "மொச்சையா இருக்கும்மா, வாயுவா இருக்கும்" என்று நானே சொன்னேன், அழுதுகொண்டே. "வாயை மூடு" என்றாள் அம்மா. "வாயுவாவது மண்ணாவது. மாத்திரைய எடு." ஊக்கைக் கழற்ற அவள் விரலும் என் விரலும் ஒன்றோடொன்று சண்டை போட்டன, ஊக்கு கழலவில்லை. அதற்குள் இன்னொரு கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டாள், உடற்பயிற்சி அறை ஜான்சி சிஸ்டருக்கு, ஸ்பீக்கரில். "சிஸ்டர், என் பொண்ணு, நெஞ்சு, நெஞ்சுல" என்றாள், அதற்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. "பதறாதீங்க, போனை அவகிட்ட குடுங்க. மித்ரா, எங்க வலிக்குது, சொல்லும்மா" என்றது போன். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, அடி வயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சை உருட்டிக்கொண்டு, தொண்டையை இடித்துக்கொண்டு ஒரு ஏப்பம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கத்தரிக்காய் வாசனையோடு. கான்வென்டில் படித்த எந்தப் பெண்ணும் இந்த உலகத்தில் விட்டிருக்க முடியாத ஏப்பம். "என்னம்மா சத்தம் அங்க?" என்றாள் ஜான்சி சிஸ்டர். "ஏப்பம்" என்றாள் அம்மா, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் மாதிரி. "என்ன சாப்பிட்ட?" "மொச்சைக் குழம்பு." ஜான்சி சிஸ்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வரிசையாகக் கேட்டாள், தாடை, கை, வியர்வை, மூச்சு, இப்ப அந்த அழுத்தம் இருக்கா. தேடிப் பார்த்தேன். உள்ளே ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து பார்க்கிற மாதிரித் தேடினேன். இல்லை. முஷ்டியைக் காணோம். கட்டை விரலையும் காணோம். "நாளைக்கு வரும்போது எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம். மறுபடி வந்துச்சுன்னா யோசிச்சுக்கிட்டு உக்காராம கெளம்பி வந்துடு, நைட்டுன்னாலும் வா. போன் பண்ணது ரொம்ப சரி. தப்பா வந்தாலும் பரவால்ல, பண்ணு" என்றாள் சிஸ்டர். வைக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் கேட்டது, "சிஸ்டர், நான் குழந்தையைத் தூக்கலாமா?" "அதான் டாக்டர் எப்பவோ சொல்லியாச்சே! அட, இன்னும் நீ தூக்கவே இல்லையா? எங்க அரிசிய மட்டும் ஜம்முனு தூக்கிட்டுச் சுத்தறே?"

அம்மா போனை அணைத்தாள். கீழே விழுந்த வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அதை ஏன் கூடத்து நடுவில் நிமிர்த்தி வைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. என் முதுகுப் பக்கம் வந்தாள், கை என் மேல் படாமல் கொஞ்ச தூரத்திலேயே நின்றது, அதன் சூடு தெரிந்தது. "ஓ..." என்று ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அப்புறம் ஓமம் என்கிற சொல்லின் முதல் எழுத்தைக்கூட அவள் உச்சரித்ததில்லை. "போட்டுக் குடும்மா" என்றேன். "வேணாம்டி." "நெஞ்சு எரியுதும்மா, கொஞ்சமாப் போட்டுக் குடு." அவள் என் முகத்தையே பார்த்தாள், நான் அவளைக் கேலி செய்கிறேனா, தண்டிக்கிறேனா, மன்னிக்கிறேனா என்று தேடுகிற மாதிரி. எனக்கும் தெரியாது. எரிந்தது, அவ்வளவுதான். சமையலறைக்குப் போனாள். மேல்தட்டில் வடாம் டின்னை நகர்த்துகிற சத்தம், அதற்குப் பின்னாலிருந்து எதையோ எடுக்கிற சத்தம். ஆக, தூக்கிப் போடவில்லை. பாட்டிலையும் டம்ளரையும் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, தினமும் அந்த டின்னுக்கு முன்னால் நின்று எனக்குச் சமைத்திருக்கிறாள். அடுப்பு பற்றியது. வாணலியில் ஓமம் விழுந்து படபடத்தது.

அப்போதுதான் பொன்னி விழித்தாள். முதலில் சிணுங்கல், பிறகு வீடே அதிர்கிற அழுகை. நான் சமையலறை வாசலைப் பார்த்தேன். மாவுக் கையோடு ஓடி வருகிறவள், ஒரு சிணுங்கலுக்கு ஓடி வருகிறவள். வரவில்லை. கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது. அங்கே அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வரமாட்டாள். எனக்குக் கோபம் வந்தது, வாம்மா, வந்து தூக்கேன், குழந்தை அழுகிறதே. பொன்னி அழுது அழுது முகம் சிவந்து காலை உதைத்தாள். நான் கொசுவலையை விலக்கினேன், மண்டி போட்டேன், மூச்சை அடக்கக் கூடாது, இடுப்பை ஒடிக்கக் கூடாது, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைப் பிடரிக்கும் கொடுத்தேன், அந்த முப்பது நாளில் பழகின மாதிரி, தலை பின்னால் தொங்கிவிடாமல். தூக்கினேன். கனமாக இருந்தாள். அரிசிப் பைக்குச் சமமான கனம் என்றார்களே, பொய், அரிசிப் பை சும்மா கிடக்கும், இவள் என் நைட்டியின் கழுத்தை ஊக்கோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, காதுக்குள் கேட்கிற அளவுக்கு, அடிக்கட்டும், எது எதற்கோ அடிக்கிறது. பிறகுதான் என் வலது கை வேலையில்லாமல் இருப்பதை உணர்ந்தேன். பிடரிக்குக் கொடுத்த கை. அதன் மேல் பாரமே இல்லை. தலை சாயவில்லை. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். என் தோளிலிருந்து தன் தலையைத் தானே நிமிர்த்தி, அழுகையை நடுவில் நிறுத்திவிட்டு, ஈர இமைகளோடு, மிக அருகில் என்னைப் பார்த்தாள். அம்மா தோளில் இவள் நிமிர்ந்து பார்ப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, உடைந்து, அதட்டலாக, "தலைக்குக் கை குடுத்தியாடி?"

"அம்மா" என்றேன். "தலை நின்னுடுச்சும்மா!"

ஓமம் தீய்கிற வாசனை வந்தது, அவள் கிளறவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "அது நின்னு ஒரு மாசமாச்சுடி."